தெருவிலேயே நின்றவன்

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பால்காரர் என் கண்ணெதிரே கறந்தாலும், முதலில் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வேன். மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினால், அடுத்த கூடையையும் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் பேரம் பேசுவேன். அப்படிப்பட்ட என்னிடம் வந்து, ‘கதையில் வருகிறவர்கள் தாமாகவே நடந்துகொள்கிறார்கள், எழுதுகிறவர் வெறும் கருவி’ என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? என் பத்திரிகை ஆசிரியர் அப்படித்தான் சொல்வார். சரஸ்வதி வந்து பேனா முனையில் உட்காருகிறாள் என்பார். தாராளமாக உட்காரட்டும். ஆனால் உட்கார்ந்தவள் யார், எங்கிருந்து வந்தாள், எதற்காக வந்தாள் என்று விசாரிக்காமல் நான் விடமாட்டேன்.

இந்தச் சந்தேகம் எனக்கு எப்போது வந்தது என்று நன்றாக நினைவிருக்கிறது. ராயபுரத்தில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்த காலம் அது. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்தை வீணாக்க மனசு வராமல், மாதர் பத்திரிகை ஒன்றுக்கு வேறு பெயரில் கதை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். பெயரை ஏன் மறைத்தேன் என்றால், ஒண்டுக் குடித்தனத்தில் ஒருத்தி கதை எழுதுகிறாள் என்று தெரிந்துவிட்டால், குழாயடிக்கு வருகிற ஒவ்வொருத்தியும் அந்தக் கதையில் தன்னைத் தேடுவாள். தேடினால் கிடைக்கவும் செய்வாள். அதுதான் ஆபத்து. அதனால் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. எழுதின தாளெல்லாம் அரிசிப் பானைக்கு அடியில் கிடக்கும்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் விஞ்சு ஓட்டுகிறவர். விஞ்சு என்பது கப்பல் மேல்தளத்தில் நீராவியில் ஓடுகிற, இரும்புக் கயிறு சுற்றிப் பாரம் தூக்குகிற எந்திரம். அதை ஓட்டுகிறவருக்குக் கப்பலின் வயிற்றுக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. கிடங்கு வாயின் ஓரத்தில் ஒருவர் நின்றுகொண்டு, உள்ளே எட்டிப் பார்த்து, கையால் சாடை காட்டுவார். ஏற்று, இறக்கு, மெதுவாக என்று அந்தக் கை சொன்னபடிதான் விசையை இழுக்க வேண்டும். எந்திரம் போடுகிற இரைச்சலில் வாய்ப் பேச்சு காதில் விழாது. அவருக்குக் கை காட்டினவர் வெகுகாலமாக ஒரே ஆள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். என்னைத் தங்கச்சி என்பார், நெத்திலிக் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். சாப்பிடும்போதும் இரண்டு பேருக்கும் பேச்சு இருக்காது. தண்ணீர் வேண்டுமென்றாலும் விரலை அசைத்தால் இவர் எடுத்துக் கொடுப்பார். ஊமைகள் விருந்து என்று நான் கேலி செய்வேன்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அந்த அண்ணன் வருவது நின்றது. கேட்டதற்கு, “கையில அடி பட்ச்சி. பழவேற்காட்ல மாமியா வூட்டுக்குப் போய்கிறான்” என்றார் இவர். அடடா என்று சொல்லிவிட்டு நானும் வேலையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் மாறினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை விட்டதும் நேரே வீட்டுக்கு வராமல் எங்கோ போய்விட்டு, விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து வருவார். எங்கே போனாய் என்று கேட்டால், “சொம்மா, காத்தாட” என்பார். ராயபுரத்தில் இல்லாத காற்றா? வரும்போது கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். புதுப் பழம் இல்லை. வெகுநேரம் கையிலேயே வைத்திருந்ததுபோல் கன்றி, கறுத்து, காம்பு துவண்ட பழம். எங்கேயோ கொடுத்தது போக மிச்சம் எனக்கு வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே தின்றேன். பழத்தின் மேல் என்ன கோபம்?

இன்னொன்றையும் கவனித்தேன். வீட்டுக்குள் நுழையுமுன் வாசற்படிக்கு வெளியே நின்றுவிடுவார். நான் கையை அசைத்து வா என்றால்தான் உள்ளே வருவார். கலியாணம் ஆன நாளிலிருந்து புயல் மாதிரி நுழைந்த மனுஷனுக்குத் திடீரென்று இந்த மரியாதை எங்கிருந்து வந்தது? ஆண்பிள்ளைக்குப் புதிதாக மரியாதை வந்தால் அதை வேறெங்கோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம். ஒருநாள் என் வலது கை முழுக்க மாவு. இடது கையைத் தூக்கிக் கூப்பிட்டேன். மனுஷன் ஆணி அடித்தாற்போல் அப்படியே நின்றார். “இன்னாய்யா, வெத்தல பாக்கு வெச்சிக் கூப்டணுமா?” என்று கத்தினேன். அதற்கும் அசையவில்லை. மாவைக் கழுவிவிட்டு வலது கையைக் காட்டின பிறகுதான் உள்ளே வந்தார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

பக்கத்துக் குடித்தனத்து அம்மாள் ஒருநாள் குழாயடியில், “உன் வூட்டுக்காரர திருவொத்தியூர்ல ஒரு தெருவுல பாத்தேன்மே” என்று போட்டாள். அன்றும் சனிக்கிழமைதான். வீட்டுக்கு வந்தவரின் நெற்றியைப் பார்த்தேன். திருநீறு இல்லை. திருவொற்றியூர் வரைக்கும் போய்விட்டுக் கோயிலுக்குள் கால் வைக்காமல் திரும்புகிற ஆண்பிள்ளைக்கு அங்கே வேறு என்ன வேலை? எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளைகுட்டி இல்லாதவள் நான். இன்னொருத்தி வீட்டில் தொட்டில் ஆடினால் என் கதி என்ன என்று அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, பேனாவை எடுத்தேன்.

கேட்டுவிட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் பொய் சொல்வார், அந்தப் பொய்யை நான் நம்பியும் தொலைத்துவிடலாம். அந்தப் பயம் எனக்கு இருந்தது. அதனால் கண்ணி வைத்தேன். கதையில் ஒரு கணவனைப் படைத்தேன். யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று அவனை ரயில் ஆபீஸ் குமாஸ்தா ஆக்கினேன். திருவொற்றியூரைத் தூக்கிக்கொண்டு போய் மயிலாப்பூரில் வைத்தேன். முதல் மாதம் அவன் இன்னொருத்தி வீட்டுக்குள் நுழைவது, இரண்டாம் மாதம் மனைவி பின்தொடர்ந்து போவது, மூன்றாம் மாதம் இரண்டு பேரையும் நடுத்தெருவில் வைத்து வெளுத்து வாங்குவது. இதுதான் திட்டம். என் வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை கேட்பதென்றால் உயிர். மாதாமாதம் பத்திரிகை வந்ததும் “படிமே” என்று எதிரே உட்கார்ந்துவிடுவார். படித்துக்கொண்டே முகத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா?

ஆனால் கதை முதல் மாதத்திலேயே கோணிக்கொண்டது. குமாஸ்தா அந்தத் தெருவுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தான். எதிரே வீடு. கதவு திறந்திருக்கிறது. ‘உள்ளே நுழைந்தான்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது. அடித்துவிட்டு, ‘சிரித்துக்கொண்டே நுழைந்தான்’ என்று எழுதினேன். இன்னும் பெரிய பொய்யாக இருந்தது. கோபத்தில் பேனாவை வைத்துவிட்டுக் குழம்பைக் கூட்டினேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் கை தன்பாட்டுக்கு எழுதியது: ‘எதிர்ச் சாரியில், மரத்தடியில், கையில் வாங்கி வந்த பழத்தோடு நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.’ அடப்பாவி! வைப்பாட்டி வீட்டு வாசலில் எவனாவது கோயில் தூண் மாதிரி நிற்பானா? போடா உள்ளே என்று வாய்விட்டே திட்டினேன். அவன் போகவில்லை. நான் எழுதினால்தானே அவன் போக முடியும், எழுத வேண்டியவள் நான்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையேதான் என்னைக் கேட்டேன். கை எழுத மறுத்தது.

முன்பும் ஒருத்தி இப்படிச் செய்திருக்கிறாள். ஒரு கதையில் மாமியாரைச் சாகடிக்கலாம் என்று கட்டிலில் படுக்கவைத்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாள். சரி, கிழவிக்கு ஆயுசு கெட்டி என்று விட்டுவிட்டேன். ஆனால் இவன் விஷயம் அப்படி இல்லை. இவனைக் கொண்டு நான் என் வாழ்க்கையை வேவு பார்க்கிறேன். வேவுக்குப் போனவனே கட்சி மாறி நிற்கிறானே! என் வீட்டுக்காரர் என் கதைக்குள்ளேயும் ஆள் பிடித்து வைத்துவிட்டாரோ என்றுகூடத் தோன்றியது. யாராவது இடையில் எதையாவது எழுதிச் சேர்த்தார்களா என்று அரிசிப் பானையை நகர்த்தித் தாள்களை எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். எல்லாம் என் கோழிக் கிறுக்கல்தான்.

அடுத்த மாதமும் அவன் தெருவிலேயே நின்றான். ஆசிரியர் கார்டு போட்டார்: ‘உங்கள் குமாஸ்தாவுக்குக் கால் வலிக்கவில்லையா என்று வாசகிகள் கேட்கிறார்கள்.’ எனக்கு அவமானமாகப் போயிற்று. அவன் நிற்பதைப் படித்துக் காட்டியபோது, வெற்றிலை மென்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரரின் வாய் நின்றது.

“அவன் உள்ள போவமாட்டான்” என்றார்.

“ஏன்யா? உனக்கு எப்டித் தெரியும்?”

“சொம்மா சொன்னேன். நீ படி.”

சும்மா சொல்கிற முகமா அது? சட்டை நனைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்கு ஆயிற்று. அவர்மேல் ஒன்று, குமாஸ்தாமேல் ஒன்று.

இனி இவனை நம்பிப் பயனில்லை, அந்த இன்னொருத்தியையே வாசலுக்கு இழுத்து வருவோம் என்று முடிவு செய்தேன். பட்டுப் புடவையும் அட்டிகையும் மினுக்கலுமாக அவளை நிறுத்துவதாக உத்தேசம். வாசகிகள் பார்த்ததும் பல்லைக் கடிக்க வேண்டும். என்ன ஆயிற்று தெரியுமா? வந்தவள் கிழிந்த புடவையில் வந்தாள். அழகாகக்கூட இல்லை. வலது கையில் ஒரு சிமினி விளக்கு. காற்றில் அணைந்துவிடாமல் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையைத் தூக்கி அவனைக் கூப்பிட்டாள். அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அவ்வளவுதான் எழுத முடிந்தது. அவள்மேல் எனக்கு வரவேண்டிய ஆத்திரம் வரவே இல்லை. ஐயோ பாவம், கூப்பிட்டாளே, இவன் போயிருக்கக் கூடாதா என்றிருந்தது. என் சக்களத்திக்காக நானே பரிந்து பேசுகிறேன்! என்மேலேயே எனக்கு நம்பிக்கை போயிற்று.

அந்த இதழ் வந்தது. படித்தேன். இடது கையைத் தூக்கிய இடம் வந்ததும் அவர் கையை நீட்டிப் படிப்பை நிறுத்தினார்.

“எப்டிப் போவான் அவன்? அவதான் நிறுத்துன்றாளே.”

“நிறுத்துன்றாளா? யோவ், அவ கூப்டுறாய்யா!”

“எடது கை தூக்குனா நிறுத்துன்னு அர்த்தம். கப்பல்ல அதான் கணக்கு. ஏத்து எறக்கு எல்லாம் சோத்துக் கைதான். எடது கை மேல போச்சின்னா, எது எங்க கீதோ அங்கியே நிறுத்தணும்.”

“இது கப்பலா? அவன் ரயில் ஆபீஸ் குமாஸ்தா. அவளுக்கு சோத்துக் கைல வெளக்கு கீது. வேற எந்தக் கைல கூப்டுவா?”

மாவுக் கையோடு நான் கூப்பிட்ட அன்று இவர் ஏன் சிலையாக நின்றார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இத்த எய்துனவன் யாருமே? அவனுக்கு இதெல்லாம் எப்டித் தெரியும்? என் பின்னாடியே வந்தானா?”

குட்டு வெளிப்பட்டது! ஆனால் நான் எதிர்பார்த்தபடி நெஞ்சு நிமிரவில்லை. பத்திரிகையை மடித்து வைத்தேன். “எவளோ எய்துறா. நீ சொல்லு. எங்க நிக்கிற நீ? யாரு வூட்டு வாசல்ல?” என்றேன்.

சொன்னார். பழவேற்காடு பொய்யாம். கை காட்டுகிற அந்த அண்ணன் திருவொற்றியூரில்தான் இருக்கிறாராம். “எம்மாங்காலமா ஓட்றேன்! ஒரே ஒரு தபா, அவன் கை வர்றதுக்கு முன்னாடி நானே இழுத்துட்டேன்மே. வரும்னு நெனச்சி இழுத்துட்டேன். பாரம் ஆடிப்போய் அவன் மேல அட்ச்சிருச்சி. சோத்துக் கை போச்சி. காலும் ஒட்ஞ்சி பூட்ச்சி.” மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறாராம். எதிர்ச் சாரியில் நிற்பாராம். அண்ணன் உள்ளே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பது தெரியுமாம். “இப்பல்லாம் கை பாக்காம எங்கியும் கால் வெக்கிறதில்ல. அவன் வான்னு சொல்லாம நா எப்டிப் போறது? வாணான்றான்மே. ஒவ்வொரு தபாவும் வாணான்றான்.” பெரிய ஆம்பளை, குழந்தை மாதிரி அழுதார்.

நம்பினேனா? பாதி நம்பினேன். அழுகிற ஆண்பிள்ளையை முழுசாக நம்பிவிடுவதா? ஒரு பக்கம் என் வயிற்றெரிச்சல் இறங்கியது. இன்னொரு பக்கம், இவர் சொல்கிற கட்டிலில் கையில்லாத அண்ணன்தான் இருக்கிறாரா, கொலுசு போட்டவள் யாராவது இருக்கிறாளா என்று ஒரு மூலையில் அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த சனிக்கிழமை நானும் வருவேன் என்றேன். வேண்டாம் என்று மறுத்துப் பார்த்தார். மறுத்ததனாலேயே கட்டாயம் போவதென்று தீர்மானித்தேன்.

வழியில் பழத்தை நானே வாங்கி, நானே தூக்கிக்கொண்டேன். தண்டையார்பேட்டையைத் தாண்டி நடந்தோம். திருவொற்றியூரில் கடலைப் பார்த்துப் போகிற ஒரு தெருவில், பூவரச மரத்தடிக்கு வந்ததும் நின்றார். அந்த இடத்தில் அவர் கால் பழகியிருந்தது. அங்கே படுத்திருந்த நாய்கூட அவரைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

எதிரே ஓலை வீடு. கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு காலி மீன்கூடை கவிழ்ந்திருந்தது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தாலும் அடையாளம் தெரிந்தது. அதே அண்ணன்தான். எங்களைப் பார்த்தார். பார்த்ததும் முதுகை நிமிர்த்தி, இடது கையை மேலே தூக்கினார்.

“பாத்தியா?” என்றார் என் வீட்டுக்காரர். “நிறுத்துன்றான். வா, போலாம்.”

நான் அந்தக் கையைப் பார்த்தேன். இந்தக் கையை நான் ஏற்கெனவே எழுதியிருக்கிறேனே என்று நினைத்தேன். சிமினி விளக்கை அணைத்துக்கொண்டு வாசலில் நின்றவள் தூக்கிய அதே கை. அவள் நிறுத்து என்று சொல்லவில்லை. அவளைப் படைத்த எனக்குத் தெரியாதா? அவளுடைய மற்றொரு கைக்கு வேறு வேலை இருந்தது. அண்ணனின் வலது பக்கத்தைப் பார்த்தேன். சட்டைக் கை முடிச்சுப் போட்டுத் தொங்கியது.

இவரைத் திட்டுவதா, அவரைத் திட்டுவதா என்று தெரியாமல் விடுவிடுவென்று தெருவைக் கடந்தேன். வாசலில் நின்று, “ஏண்ணே, வான்னா வான்னு, வாணாம்னா வாணாம்னு வாயால சொல்லக் கூடாதா? இந்த மனுசன் வாராவாரம் வந்து தெருவுல காயறாரே” என்று கத்தினேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், தெருவுக்கு அப்பால், மரத்தடியைப் பார்த்தார்.

“நானா வாணான்றேன்? வந்துகினே கீறான், நானும் கூப்டுகினே கீறேன். கையத் தூக்குனா நிக்கிறான், அப்பால பூட்றான். எம் மூஞ்சியப் பாக்கப் புடிக்கலன்னு நெனச்சேன் தங்கச்சி. வாயத் தொறந்து வேற கெஞ்சணுமா அவனாண்ட?”

“எடது கை தூக்குறியேண்ணே! நிறுத்துன்றேன்னு நெனச்சிகினு நிக்கிறாரு!”

அவர் முகம் ஒரு நிமிஷம் ஒன்றும் புரியாமல் இருந்தது. பிறகு, தூக்கிய கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கைக்குக் கப்பலில் என்ன அர்த்தம் என்பதை அவரே மறந்துபோயிருந்தார். தெருவே அதிரும்படி ஒரு குரல் போட்டார்.

“யோவ் மாமு! எனக்கு மிச்சம் கீறதே இந்த ஒரு கைதானேய்யா! வேற எத்தத் தூக்கறது?”

மரத்தடியில் நின்றவர் அசையவில்லை. முகத்தை மட்டும் பொத்திக்கொண்டார். நான் திரும்பினேன். வலது கையில் பழச் சீப்பு இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை. இடது கையைத் தூக்கி, வா என்றேன். என் வீட்டுக்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தெருவைக் கடந்து உள்ளே வந்தார்.

வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்தார். வழக்கம்போல் இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. நான் ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டினேன். அண்ணன் காம்பைப் பல்லால் கடித்து, ஒற்றைக் கையால் தோலை உரித்துக்கொண்டே, “இன்னா மாமு, இத்தினி சனிக்கெயம வெறுங்கையோடவா வந்து நின்னே?” என்றார்.

இவர் வாயைத் திறப்பதற்குள் எனக்கு அழுகை முந்திக்கொண்டது.

“இல்லண்ணே,” என்றேன். “வாராவாரம் உனக்கு வாயப்பயம் வாங்கினுதான் வந்தாரு. அத்தினியும் நான்தான் துன்னுட்டேன்.”